முதல் ஹாட் ராட் மாடல்: 1932 ஃபோர்டு கூப்பை வெட்டித் தாழ்த்திக் கட்டும் வழி

1932 ஃபோர்டு கூப் (இரண்டு கதவும் மூடிய கூரையும் உள்ள கார்) ஒன்றின் பிளாஸ்டிக் கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டியை, 1/25 அளவில் வாங்கி, மட்கார்டுகளை விட்டுவிட்டு, கூரையைத் தாழ்த்தி, பின்சக்கரத்தைப் பெரிதாக்கி, மூக்கில் தீச்சுடர் வரைந்து ஹாட் ராடாக (வேகத்துக்கும் தோற்றத்துக்குமாக மாற்றிக் கட்டிய பழைய கார்) மாற்றுவதைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன். நான் கற்றுக்கொண்டபோது தமிழில் கேட்க ஆளில்லை. எந்தத் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும், சுங்கத்தில் பொதி ஏன் மாட்டுகிறது, பட்டி காய எத்தனை நாள் விடவேண்டும் என்று ஒவ்வொன்றையும் காசும் காலமும் கொடுத்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஒரு ஹாட் ராட் அழகாக இருப்பதும் அசிங்கமாக இருப்பதும் அது தரையில் நிற்கும் விதத்தில் முக்கால்வாசி முடிவாகிவிடும். முன்பக்கம் எவ்வளவு குனிந்திருக்கிறது, பின்டயர் எவ்வளவு பெரியது, கூரை எவ்வளவு தாழ்வு என்ற மூன்றையும் பசை திறக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெயிண்டைப் பற்றிய யோசனை அதற்கப்புறம் வரட்டும்.

1. எந்த மாதிரி ஹாட் ராட் என்று முதலில் தீர்மானியுங்கள்

அமெரிக்காவில், குறிப்பாகத் தெற்கு கலிபோர்னியாவில் உருவான மாதிரிகளில் உங்களுக்கு வேண்டிய பெயர்கள் மூன்றுதான். மட்கார்டு இல்லாமல், பாடி தன் இயல்பான இடத்தில் ஃபிரேமின் மேல் உட்கார்ந்திருந்தால் அது 'ஹைபாய்'. பாடியின் தரையை வெட்டி, ஃபிரேமைச் சுற்றிக் கீழே இறக்கியிருந்தால் 'சேனல்' செய்த கார். கூரைத் தூண்களை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் 'சாப்' செய்த கார். ஒரே காரில் சேனலும் சாப்பும் சேர்ந்து வருவதுண்டு.

முதல் முயற்சிக்கு என் சிபாரிசு: சாப் செய்த ஹைபாய் கூப். சேனல் வேண்டாம். பாடியை இறக்கினால் உள்ளே இருக்கைத் தரை, கியர் பாக்ஸ் மேடு, ரேடியேட்டர் கூடு, எஞ்சின் மூடி என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே இடிக்கும். புதியவர் பலர் பாதியில் பெட்டியை மூடி வைப்பது அந்த இடத்தில்தான்.

கார் மாடலும் முக்கியம். 1932 ஃபோர்டின் ஜன்னல் தூண்கள் ஏறத்தாழ நேராக நிற்பவை. பின்னால் வந்த 1934 மாடலில் தூண்கள் சாய்வு அதிகம். வெட்டி இறக்கினால் மேலும் கீழும் பொருந்தாமல் கூரையையே இரண்டாகப் பிளந்து நீட்ட வேண்டிவரும். ஆகவே 1932தான்.

பார்த்துச் செய்ய நிஜக் காரின் படங்களை முதலிலேயே சேர்த்து வையுங்கள். ஹைபாய் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு ஹாட் ராட் கட்டிய அமெரிக்கர் டோன் ஸ்பென்சரின் கறுப்பு 1932 ரோட்ஸ்டரை (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) தேடிப் பாருங்கள். கறுப்பு உடம்பில் தீச்சுடர் எப்படி ஓடவேண்டும் என்பதற்கு அமெரிக்க அஞ்சல் துறை 2014இல் வெளியிட்ட ஹாட் ராட் அஞ்சல்தலை நல்ல மாதிரி. பக்கவாட்டுப் படம் ஒன்று, முன்பக்கம் ஒன்று, எஞ்சின் ஒன்று என மூன்றையும் அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். ஃபோனில் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் கையிலிருக்கும் பசையெல்லாம் ஃபோனுக்குப் போய்விடும்.

2. கிட் வாங்குவது: விலை, சுங்கம், காகிதங்கள்

ரெவெல், ஏஎம்டி இரண்டு நிறுவனங்களும் 1932 ஃபோர்டை 1/25 அளவில் பல வடிவங்களில் வெளியிட்டிருக்கின்றன. ரெவெலின் பிற்காலக் கிட்களில் பாகங்கள் சுத்தமாகப் பொருந்தும். ஏஎம்டியின் பழைய அச்சுகளில் ஓரப் பிசிறு அதிகம், ஆனால் பெட்டிக்குள் உபரிப் பாகங்கள் நிறைய இருக்கும். புதியவருக்கு ரெவெல் நல்லது. சில கிட்களில் கூரை ஏற்கெனவே தாழ்த்தப்பட்டே வரும். நமக்கு வேண்டியது கூரை வெட்டாதது. பெட்டியின் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் இந்தியாவிலேயே கிட் விற்கும் இணையக் கடைகளில் தேடுங்கள். விலை சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட்டின் விலை, அஞ்சல் செலவு, இரண்டையும் கூட்டிய தொகைக்குச் சுங்கவரி என்று மூன்றும் சேரும். முப்பது டாலர் கிட் வீட்டு வாசலுக்கு வரும்போது இரு மடங்காகியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் ஆர்டர் போடும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள்.

வரவழைப்பதென்றே முடிவு செய்தால் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்:

கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் போதும். அதிலுள்ள பெயரும் பொதியின் மேலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தால் அதற்கே இரண்டு நாள் மின்னஞ்சல் போகும். பணம் கட்டியதற்கான ரசீது, விற்பனையாளரின் இன்வாய்ஸ், பொருளின் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அஞ்சலில் வந்தால் வரித்தொகையைத் தபால்காரரே வீட்டில் வாங்கிக்கொண்டு பொதியைத் தருவார், ரொக்கம் வைத்திருங்கள்.

இன்வாய்ஸில் 'டாய் கார்' என்று எழுத விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. பொம்மை என்று எழுதியிருந்தால் முத்திரை எங்கே என்று கேட்டுப் பொதியை நிறுத்தக்கூடும். 'பெரியவர்களுக்கான பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கிட், ஒட்டப்படாதது' என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அதேபோல 'கிஃப்ட்' என்று போடச் சொல்வதும் வேண்டாம். பரிசாக வரும் பொதிக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. விலையைக் குறைத்து எழுதச் சொன்னாலும் சிக்கல்தான், பொதி தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் ஈடு கிடைக்கும்.

ஸ்ப்ரே கேன், லாக்கர் (வேகமாகக் காயும் ஒரு வகைப் பெயிண்ட்), தின்னர் எதையும் கிட்டோடு சேர்த்து ஆர்டர் போடாதீர்கள். அவை தீப்பற்றும் பொருட்கள், விமான அஞ்சலில் ஏறாது. மொத்தப் பொதியும் அதற்காக நின்றுபோகும். பெயிண்டை உள்நாட்டிலேயே, தரைவழியில் அனுப்பும் கடையில் வாங்குங்கள்.

பழைய கிட் மலிவாகக் கிடைத்தால் இரண்டைச் சோதிக்கச் சொல்லிப் படம் கேளுங்கள். டயர்கள் கண்ணாடிப் பாகத்தோடு ஒட்டிக் கிடந்தனவா? வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை இளக்கிக் குழியாக்கிவிடும். டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளாகிவிட்டதா? அதற்கு மருந்து உண்டு: நெகிழிப் பையிலிட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் பெரும்பாலும் வெளுக்கும். குழி விழுந்த கண்ணாடிக்கு மருந்தில்லை.

3. கருவிகள்: எங்கே செலவு செய்வது, எங்கே மிச்சம் பிடிப்பது

நல்ல தரத்தில் வாங்க வேண்டியவை நான்கு: பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நறுக்கும் கட்டர், 11ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, மெல்லிய ரேஸர் ரம்பம், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் திரவப் பசை. பசையில் தமியா நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி 40 மி.லி. பாட்டில், இரண்டு மூன்று காருக்கு வரும்.

மற்றவற்றை நம் ஊர்க் கடைத்தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம். கார் பெயிண்ட் விற்கும் கடையில் 400, 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கிடைக்கும்; ஹாபி கடையில் வாங்குவதில் கால் பங்குதான் விலை. ஃபெவிகுவிக் எல்லாப் பெட்டிக்கடையிலும் உண்டு. ஜன்னல் கண்ணாடி வெட்ட ஸ்டேஷனரி கடை ஓஎச்பி ஷீட் (கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) போதும். துளை போட 0.3 முதல் 1 மி.மீ. வரையிலான பிட்களும் கையால் சுழற்றும் பிடியும் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

அதே கார் பெயிண்ட் கடையில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரையும் என்சி பட்டியையும் எடுத்துக் கொடுப்பார்கள். தின்னரை வெறும் பிளாஸ்டிக்கின் மேல் படவிடாதீர்கள். பாலிஸ்டைரீன் வெடிப்பு விட்டு, சில நிமிடத்தில் மேல்தோல் சேறுபோல ஆகிவிடும். பட்டியையும் ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் அதிலிருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கை நெளித்துவிடும். மாடலுக்கென்றே வரும் தமியா பட்டி நூறு ரூபாய் அதிகமானாலும் அதையே வாங்குங்கள்.

ஏர்பிரஷ் முதல் காருக்குத் தேவையில்லை. ஸ்ப்ரே கேனிலேயே அருமையாக வரும். முகமூடி மட்டும் துணி வகை கூடாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்பன் வடிகட்டி வைத்தது வேண்டும்.

கிட், கருவி, பசை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து முதல் காருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த காருக்குக் கருவி இருக்கும் என்பதால் ஏறக்குறைய பாதி ஆகும்.

4. ஒட்டாமல் நிறுத்திப் பாருங்கள்

பாகங்களைச் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையென்றால் பெயிண்ட் பிடிக்காது.

பிறகு ஃபிரேம், பாடி, அச்சுகள், சக்கரங்கள் மட்டும் நறுக்கி எடுத்து, மாஸ்கிங் டேப்பாலும் சுவரில் படம் ஒட்டும் களிம்பாலும் தற்காலிகமாகப் பொருத்துங்கள். மேசை மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் தரையில் படுகிறதா? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அளந்து பாருங்கள். நிஜக் காரில் இது 106 அங்குலம், 1/25இல் 107.7 மி.மீ. வரவேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு வித அளவு வந்தால் ஃபிரேம் முறுக்கியிருக்கிறது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக் கண்ணாடித் தகட்டில் அழுத்தி நேராக்குங்கள்.

1/25 அளவின் பெரிய வசதி என்னவென்றால், நிஜக் காரின் ஓர் அங்குலம் மாடலில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், சரியாகச் சொன்னால் 1.016. முன்பக்கத்தை நான்கு அங்குலம் இறக்கிய கார் என்று படித்தால் நீங்கள் நான்கு மி.மீ. இறக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். இதனாலேயே 1/24 கிட்டின் பாகங்களை இதோடு கலக்காதீர்கள். எஞ்சின் 1/24 ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரமும் கிரில்லும் உடனே காட்டிக்கொடுக்கும்.

இப்போது தோரணையைச் சரி செய்யுங்கள். முன்டயர் சிறியது, பின்டயர் பெரியது என்பது அடிப்படை. முன்னால் விட்டம் 26 மி.மீ., பின்னால் 30 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள். அதன்பின் முன் அச்சை ஸ்பிரிங்கிற்கும் ஃபிரேமிற்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றுங்கள், முன்பக்கம் குனியும். ஃபிரேமின் கீழ்விளிம்பு முன்னால் இரண்டு மூன்று மி.மீ. தாழ்ந்தாலே கார் பாயத் தயாராக இருப்பதுபோல் தெரியும். அதற்குமேல் போனால் மூக்கு இடித்த கார் மாதிரி ஆகிவிடும். கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து பார்த்து எடுக்கும் முடிவு எப்போதும் தப்பாகும்.

பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். பிடித்திருந்தால் அளவுகளையெல்லாம் நோட்டில் குறித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். இந்தப் படியில் ஒரு வார இறுதி முழுக்கப் போனாலும் போகட்டும்.

5. கூரையைத் தாழ்த்துவது

எல்லோரும் பயப்படும் வேலை இது. முறையாகச் செய்தால் இரண்டு மணி நேர வெட்டும், ஒரு வாரக் காத்திருப்பும்தான்.

எவ்வளவு வெட்டுவது? மூன்று மி.மீ. போதும். அதாவது நிஜத்தில் மூன்று அங்குலம். நான்கு, ஐந்து என்று போனால் ஜன்னல் தபால்பெட்டி வாய்போல ஒடுங்கிவிடும். அந்தத் தோற்றம் பிடித்தவர்கள் இரண்டாவது காரில் முயலட்டும்.

வெட்டும் முன் கதவு மட்டத்தில், பாடியின் உள்ளே இடவலமாக ஒரு சட்டக் குச்சியைத் தற்காலிகமாக ஒட்டிவிடுங்கள். கூரையை எடுத்ததும் பக்கச் சுவர்கள் விரிந்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். இது இல்லாமல் வெட்டினால் திரும்ப ஒட்டும்போது கூரை குறுகலாகவும் பாடி அகலமாகவும் நிற்கும்.

எல்லாத் தூண்களிலும், அவை மிக நேராக இருக்கும் உயரத்தில், மூன்று மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பைக் காரைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒட்டுங்கள். பின்கண்ணாடியின் இரு பக்கமும் அகலமான பாடிப் பகுதி வரும். அங்கேயும் டேப் மட்டம் மாறாமல் போகவேண்டும். டேப்பின் மேல்விளிம்பு ஒரு வெட்டு, கீழ்விளிம்பு ஒரு வெட்டு. ரம்பத்தின் தடிமனும் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால் இரண்டு வெட்டையும் டேப்பின் மேலேயே, கோட்டுக்கு உட்பக்கமாகப் போடுங்கள். மிச்சத்தை வாட்டர் பேப்பரில் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். வெட்டியது போனால் போனதுதான்.

மெல்லிய முன்தூண்களை ரம்பத்தால் இழுக்காதீர்கள், ஒடிந்துவிடும். கத்தியின் முதுகுப் பக்கத்தால் ஒரே கோட்டில் மெதுவாகக் கீறிக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக நூல்போல வரும். அழுத்தம் கொடுக்காமல் விட்டால் கடைசியில் தூண் தானாகவே பிரிந்து கையில் வரும். பின்பக்க அகலப் பகுதிக்கு மட்டும் ரம்பம்.

தட்டையான கண்ணாடியில் 400 வாட்டர் பேப்பரை ஒட்டி, கூரையை அதன்மேல் எட்டு வடிவில் தேய்த்தால் எல்லாத் தூண் முனைகளும் ஒரே மட்டத்துக்கு வரும். பிறகு பாடிமேல் வைத்துப் பாருங்கள். பின்பக்கத்தைச் சரியாகப் பொருத்தினால் முன்தூண்கள் ஒரு முடியளவு விலகி நிற்கலாம். கூரையை நகர்த்தாதீர்கள், கீழே உள்ள முன்தூணின் அடியில் உள்பக்கமாக இலேசாகக் கீறி, பின்னோக்கிச் சாய்த்து, ஒரு சொட்டுத் திரவப் பசை விட்டால் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் பின்பக்கத்தை மட்டும் திரவப் பசையால் ஒட்டி டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். அடுத்த நாள் முன்தூண்கள். இணைப்புகளுக்கு உள்பக்கமாக மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வலுவுக்கு ஒட்டுங்கள். அதற்கப்புறம்தான் வெளியே பட்டி. நம் ஊர் டிங்கரிங் கடையில் செய்வதுபோலவே: மெல்லிசாக ஒரு தடவை, காயவிட்டு, தேய்த்து, பள்ளம் தெரியும் இடத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முழுசாக ஒரு நாள் விடவேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் இரண்டு வாரம் கழித்துப் பளபளக்கும் கூரையில் வெட்டிய கோடு மெல்ல மேலே வந்து நிற்கும். இந்த வேலையில் அதைவிட மனம் நோகும் விஷயம் இல்லை.

கூரை இறங்கியதும் மூன்றை மறக்காதீர்கள்: எல்லா ஜன்னல் கண்ணாடியும் ஓஎச்பி ஷீட்டில் புதிதாக வெட்டவேண்டும், இருக்கையின் அடியைத் தேய்த்து இரண்டு மூன்று மி.மீ. தாழ்த்தவேண்டும்; ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு முன்கண்ணாடியைப் பாதி மறைக்கிறதா என்று பார்த்து அதையும் சாய்க்கவேண்டும்.

6. எஞ்சின்

பாடியில் பட்டி காயும் நாட்களில் எஞ்சினைக் கட்டுங்கள், நேரம் மிச்சம். ஹாட் ராடில் எஞ்சின் மூடியின் பக்கத் தகடுகள் பெரும்பாலும் இருக்காது. எஞ்சின் வெளியே தெரியும். கிட்டோடு வருவதை அப்படியே வைத்தாலும் பிளக் வயர்கள் மட்டும் கட்டாயம் சேருங்கள். காருக்கு உயிர் வருவது அதில்தான்.

வி8 என்றால் எட்டு பிளக்குகளுக்கு எட்டு வயர், காயிலுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. நிஜ வயர் ஏழெட்டு மி.மீ. தடிமன், மாடலில் 0.3 மி.மீ. பழைய இயர்ஃபோன் வயரைப் பிரித்தால் உள்ளே எனாமல் பூசிய மெல்லிய இழைகள் கிடைக்கும். இரண்டு மூன்றை முறுக்கினால் சரியான தடிமன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் துளை போடும் முன் அதைச் சட்டத்திலிருந்து நறுக்காதீர்கள், பிடிக்க இடம் வேண்டும். வயர் எந்தத் துளையிலிருந்து எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு: 1955இல் வந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் எஞ்சினுக்கு சிலிண்டர்களில் பொறி பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2, பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8க்கு 1-5-4-8-6-3-7-2. ஆனால் சிலிண்டருக்கு எண் கொடுக்கும் முறை இரு நிறுவனங்களிலும் வேறு. வரைபடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு இணையுங்கள்.

7. குரோம் பாகங்கள்

கிட்டின் குரோம் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டி, அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரிந்த பின் ஒட்டுங்கள். குரோமே வேண்டாம் என்றால் துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஊறவையுங்கள், பூச்சு கரைந்துவிடும். கையுறை போடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அந்தத் திரவம் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கழிவறையில் வைத்து ஊறப்போடுவதையே தவிருங்கள்.

8. பிரைமரும் பெயிண்டும்

பிரைமர் அடித்தால் இதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் வெளியே வரும். அதற்காகத்தான் அடிக்கிறோம். தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி அடியுங்கள். கிட்டின் பிளாஸ்டிக் சிவப்பு நிறமாக இருந்து, அதன்மேல் மஞ்சளோ வெள்ளையோ அடிக்கப் போகிறீர்கள் என்றால் எச்சரிக்கை: சிவப்புச் சாயம் மேலே ஊறி வரும். முதலில் வெள்ளி நிறத்தில் ஒரு கோட் அடித்துத் தடுத்துவிடுங்கள்.

எந்தப் பெயிண்டின் மேல் எது போகும் என்பதில் ஒரே விதி: லாக்கர் கீழே, எனாமல் மேலே. காய்ந்த லாக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் வெந்த தோல்போலச் சுருங்கிவிடும். முதல் காரில் பிரைமர், நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றையும் ஒரே நிறுவனத்தின் லாக்கராக வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. தமியாவின் டிஎஸ் வரிசையில் 100 மி.லி. கேன் ஒன்று இந்த பாடிக்குத் தாராளம்.

நம் ஊரில் நாள் பார்த்துத்தான் அடிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் அடித்தால் காற்றின் ஈரம் பெயிண்டில் சிக்கி வெள்ளை மூட்டம் விழும். அக்கினி நட்சத்திர உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக வந்து உட்காரும். தை முதல் பங்குனி வரை, காலைப் பனி விலகிய பத்து மணிக்கு மேல் அடிப்பது நல்லது. கடலோரம் இல்லாத கோவை, சேலம்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு.

கேனை ஒரு நிமிடம் முழுக்கக் குலுக்கி, 20 செ.மீ. தூரத்தில், கார் தொடங்கும் முன்பே பொத்தானை அழுத்தி, கார் முடிந்த பின்பே விடுங்கள். முதல் இரண்டு கோட் தூவல் மட்டும். அடியிலுள்ள பிரைமர் தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளிக்குப் பின் மூன்றாவது கோட்டில்தான் ஈரப் பளபளப்பு வரவேண்டும்.

தீச்சுடர் வேண்டுமென்றால் இரண்டு வழி. டெக்கால் எளிது. கையால் செய்வதென்றால் சுடரின் நிறம் முதலில், உடம்பின் நிறம் பிறகு: மூக்குப் பகுதியில் மஞ்சள் அடித்து, அதன்மேல் பின்னோக்கி ஆரஞ்சு, நுனியில் சிவப்பு என்று தூவி, ஒரு நாள் காயவிட்டு, சுடர் வடிவத்தில் டேப் வெட்டி மூடி, மேலே கறுப்பு அடியுங்கள். கறுப்பின்மேல் மஞ்சள் அடித்தால் எத்தனை கோட் அடித்தாலும் பச்சைச் சாயல் போகாது. இடப்பக்கச் சுடரை வரைந்த தாளைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கு வெட்டினால் இரண்டும் ஒத்துவரும். கறுப்பு தொட்டால் ஒட்டாத நிலையில், முழுக்க இறுகும் முன், டேப்பைத் தன்மேலேயே மடக்கியபடி மெதுவாக உரியுங்கள்.

கிளியர் லாக்கர் டெக்காலைச் சுருக்கும். முதல் இரண்டு கோட் தூரத்திலிருந்து தூசிபோல் படவேண்டும், ஈரமாக அடிப்பது அப்புறம். கார் பெயிண்ட் கடையில் '2கே கிளியர் போடுங்க சார், கண்ணாடி மாதிரி வரும்' என்பார்கள். வரும்தான். ஆனால் அதில் கலக்கும் ஹார்ட்னரில் (இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வீட்டு பால்கனியில் அடிக்கும் சரக்கு இல்லை அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொடவே வேண்டாம்.

கிளியர் அடித்த பின் இரண்டு வாரம் பெட்டியில் மூடி வையுங்கள். பிறகு 2000 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றுங்கள். கதவு விளிம்பு, எஞ்சின் மூடி விளிம்பு போன்ற கூரான இடங்களில் டேப் ஒட்டிக்கொண்டு தேய்க்க வேண்டும். பெயிண்ட் அங்கேதான் மெல்லிசு, இரண்டு இழுப்பில் பிரைமர் தெரிந்துவிடும்.

9. கடைசிப் பொருத்தல்

ஃபிரேம், அச்சுகள், எஞ்சின், சக்கரம் என்று கீழ்ப்பகுதியை முழுதாக முடியுங்கள். பாடிக்குள் கண்ணாடியும் இருக்கையும் பொருத்திவிட்டு, இரண்டையும் கடைசியில் சேருங்கள். சேர்க்கும் முன் நோட்டில் குறித்த அளவை மறுபடி பாருங்கள். பெயிண்டின் தடிமனாலேயே பாடி ஒரு பக்கம் தூக்கி நிற்கக்கூடும்.

கண்ணாடிக்கு ஃபெவிகுவிக் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. ஃபெவிகாலை ஊசி முனையால் ஓரத்தில் வையுங்கள். காய்ந்தால் தெரியாது, தப்பினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

மொத்தமாக எட்டு முதல் பத்து வார இறுதிகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைவேலை பாதிகூட இருக்காது, மற்றதெல்லாம் காயவிடும் நேரம்.

போட்டியிலோ கண்காட்சியிலோ வைக்க நினைத்தால் கூரை வெட்டியது, பட்டி நிலை, பிரைமர் நிலை மூன்றையும் படம் எடுத்து வைத்திருங்கள். பெயிண்ட் அடித்த பின் நன்றாகச் செய்த சாப் கண்ணுக்கே தெரியாது. வெட்டாத கிட் ஒன்றின் பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்து ஒரு அட்டையில் ஒட்டிக் காரின் அருகே வையுங்கள்.

வீட்டில் வைக்கும் இடம் வெயில் படாத, தூசி புகாத கண்ணாடிப் பெட்டியாக இருக்கட்டும். டயருக்கு அடியில் சிறு அலுமினியத் தகட்டுத் துண்டை வையுங்கள், வினைல் அடித்தட்டோடு ஒட்டாது. அந்துருண்டை போட்ட பீரோவில் மட்டும் வைக்காதீர்கள். நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். சில மாதத்தில் பெயிண்ட் பிசுபிசுத்து, கூரை வளைந்துவிடும்.